எதிர் அறைப் பாட்டு

அந்த ஆள் இன்றைக்கும் அவள் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவளுடைய கிதாரின் மேல் உள்ளங்கையைப் பதித்திருந்தார். அவளும் கையை எடுங்கள் என்று சொல்லாமல் சிரித்துக்கொண்டே பாடினாள். தன் அறை வாசலிலிருந்து எதிர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த செக்கருக்கு வயிறு பற்றி எரிந்தது.

செக்கர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகும் பெயரும் மாறவில்லை, பார்வையும் மாறவில்லை. எதிர் அறைக்காரர் புதிதாக வந்தவர், அச்சாபீஸில் மெஷின் ஓட்டியவராம். செக்கரைக் கேட்டால், டிக்கெட் எடுக்காமல் ஏறி, முன் சீட்டையும் பிடித்துக்கொண்ட ஆள் என்பார்.

"அந்தப் பொண்ணுக்குப் பாடறது வேலையா, பல்லைக் காட்டறது வேலையா சிஸ்டர்?" சாப்பாட்டுத் தட்டோடு வந்த நர்ஸிடம் பொரிந்தார்.

"அவங்க பாட்டு டாக்டர் சார். மழை இருட்டிக்கிட்டு வந்தா மனசும் இருட்டிப் போறவங்களுக்கு வைத்தியம் பண்ண வந்திருக்காங்க."

"அந்த ஆளுக்கு என்ன இருட்டு? வந்த நாள்லேருந்து சிரிச்சுக்கிட்டேதானே இருக்கார்."

"சாப்பிடுங்க சார், ஆறிடும்."

உண்மையில் இருட்டிப் போகிறவர் செக்கர்தான். வருஷா வருஷம் வெயில் தலைகாட்டாத மாதங்களில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். போன வருஷம் சாப்பாட்டைத் தொடாமல் கிடந்து, ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றித்தான் மீட்டார்கள். இன்னொரு தரம் இப்படி ஆனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அதனால் பாட்டு டாக்டர் முதலில் வந்தது இவரிடம்தான். இவர் போர்வைக்குள்ளிருந்தே, "எனக்கென்ன பைத்தியமா? பாடறதா இருந்தா ரோட்ல போய்ப் பாடு" என்று விரட்டினார்.

"வேண்டாம்னு சொல்றவங்க ரூம்ல நாங்க பாடக் கூடாது ஐயா. நீங்களா கேட்டாத்தான் வரலாம்" என்று சொல்லிவிட்டு, கிதாரைத் தூக்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

விரட்டியது இவர்தான். ஆனாலும் இன்னும் ஒரு தரம் கெஞ்சினால் குறைந்தா போய்விடுவாள் என்று ஒரு பொருமல். கூப்பிடலாம் என்றால் வீம்பு விடவில்லை.

அதைவிடக் கொடுமை, அவள் பாடியதெல்லாம் இவர் வாலிபத்தில் பஸ் படியில் தொங்கியபடி முணுமுணுத்த பாட்டுகள். முதலில் இழுத்து இழுத்துப் பாடினாள், நாளாக ஆகப் பாட்டு துள்ள ஆரம்பித்தது. என் பாட்டை எடுத்து எவனுக்கோ பாடுகிறாளே என்று செக்கர் போர்வையை உதறினார்.

படுத்தால் எதிர் அறை தெரியவில்லை என்று எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தாலும் பாதிதான் தெரிந்தது, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார். சாப்பாடும் அங்கேயே ஆனது. ஆத்திரத்தில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. எதிராளி மழமழவென்று சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இவரும் கத்தியைத் தேடி எடுத்தார்.

"அந்தக் கதவையாவது மூடச் சொல்லுங்க சிஸ்டர்."

"மூடவே கூடாதுன்னு பாட்டு டாக்டர் உத்தரவு சார்."

"ஊருக்கெல்லாம் தெரியணுமாக்கும்."

இன்றைக்குக் கடைசிப் பாட்டை அவள் கிதாரைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் பாடினாள். அந்த ஆள் ஜன்னலைப் பார்த்தபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது, கிதாரும் உறைக்குள் போனது. தாளம் மட்டும் நிற்கவில்லை. அவள் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பிச் சிரித்தார்.

பாட்டு முடிந்ததுகூடத் தெரியாத அளவுக்குச் சொக்கிக் கிடக்கிறாராம். செக்கருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

அவள் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு நடையைக் கடந்தார். மழைக்காலத்தில் அவர் அறை வாசலைத் தாண்டியதை யாரும் பார்த்ததில்லை. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

செக்கர் நேரே போய் எதிராளியின் முகத்துக்கு முன்னால் நின்றார்.

"ஏங்க, அந்தப் பொண்ணு உங்களுக்கு மட்டும்தான் பாடணும்னு சட்டமா? நாளைலேருந்து என் ரூமுக்கு வரணும். எனக்கும் பாட்டு வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வேண்டும் என்று யாரிடமும் எதையும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மெஷின்காரர் அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பாடா, வாயைத் திறந்து கேட்டுட்டீங்களா? நாளைக்கே வரச் சொல்றேன் சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அந்தப் பொண்ணு நல்லாப் பாடுதா?"

செக்கருக்குச் சுள்ளென்று ஏறியது. "பக்கத்துலயே உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, என்னைக் கேக்கறீங்களா?"

"நான் எங்க சார் கேட்டேன்? எனக்குத்தான் ரெண்டு காதும் கேக்காதே."