கட்டுமரம் முதல் வெட்டிங் வரை

“அப்ப ‘கட்டமரான்’ங்கிறது நம்ம கட்டுமரமா, அங்கிள்?”

தர்மேந்திரனுக்குப் புல்லரித்தது. ஜெலாப்பாங் கல்யாண மண்டபத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே, மணப்பெண்ணின் தோழி புனிதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“பின்னே? ‘கர்ரி’ங்கிறான், அது நம்ம கறி. ‘செரூட்’டுங்கிறான், அது நம்ம சுருட்டு. வெள்ளைக்காரன் பேசுற பாஷையில பாதி நம்மளோடது லா!”

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் இதுதான் அவருடைய ஆராய்ச்சி. கேட்கத்தான் ஆளில்லை. அவர் தொண்டையைச் செருமினாலே பெற்ற மகன் கார் சாவியைத் தேடுவான்.

மேடையில் மைக்கைத் தட்டினார்கள். “வாழ்த்திப் பேச விரும்புறவங்க வரலாம்...”

சட்டென்று எழுந்தார். போன மாதம் சிலிபினில் நடந்த கல்யாணத்தில் அவர் பேச்சை முடித்தபோது எழுந்த கைதட்டல் இன்னும் காதிலேயே இருந்தது.

“அங்கிள், போறதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு. ‘ரைஸ்’?”

“அரிசிம்மா!” உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி மைக் கூப்பிட்டது. மறுபடி எழுந்தார்.

“‘விக்டரி’?”

“வெற்றி!”

“அப்ப ‘வெட்டிங்’?”

மேடையில் இருந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “வேட்டிலேருந்து வந்ததும்மா! மாப்பிள்ளை வேட்டி கட்டுறாருல்ல? வேட்டிங்... வெட்டிங்!”

“ஐயோ, இது தெரியாமலே இருந்துட்டேனே!” புனிதா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மேடை போனால் போகட்டும். ஊரே கைதட்டுவதும், ஒருத்தி வாய் பிளந்து கேட்பதும் ஒன்றாகுமா? அவர் சொல்லிக்கொண்டே போனார். மைக்கைக் கழற்றி எடுத்துப் போனதுகூட அவர் கண்ணில் படவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் ‘மேங்கோ’ ஞாபகம் வந்தது. அடடா, மாங்காயை விட்டுவிட்டோமே! விடுவிடுவென்று திரும்பி வந்தவர், தூணுக்குப் பின்னாலிருந்து புனிதாவின் குரல் கேட்டு நின்றார்.

“கடைசி வரைக்கும் மேடைப் பக்கமே விடல, ஆன்ட்டி!”

“நீ நல்லா இருப்பம்மா, என் மானத்தைக் காப்பாத்திட்ட” என்றாள் அவர் மனைவி மாரியம்மா. “வர்ற ஞாயித்துக்கிழமை லூமுட்ல இன்னொரு கல்யாணம் இருக்கு. அதுக்கும் வந்துரு லா!”