பிரேக் விளக்கு

கிழவர் வால்ட் இறந்தபின் ஏழு வருஷமாகக் கொட்டகையில் கிடந்த அவருடைய குட்டி வீடு போன்ற டிரெய்லரை, அவர் மனைவி டோரீனிடம் வாங்கித் தன் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டினான் லோர்ன். டிரெய்லர் இழுப்பது அவனுக்கு முதல் தடவை. வண்டியில் உட்கார்ந்தபடியே டிரெய்லரின் பின்விளக்குகளைப் போட்டுப் பார்த்தான்.

"இடது எரியுது," என்றது பின்னால் ஒரு கிழக்குரல். "வலது எரியுது. பிரேக்கும் எரியுது, கிளம்பு."

"யாரும்மா பின்னாடி?"

"யாருமில்லயே," என்றாள் வண்டி ஜன்னலருகே நின்ற டோரீன். "வால்ட் இருந்தா அவர்தான் நின்னு பாப்பார்."

மலைப்பாதையில் நிறுத்திப் பார்க்க ஒதுங்க இடமில்லை. சிக்னல் போடும்போதெல்லாம், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் "எரியுது" என்று பின்னாலிருந்து அதே குரல் வந்தது.

"பெரியவரே, கால்ல விழறேன், பேசாம வாங்க," என்று கெஞ்சினான்.

உச்சி தாண்டிச் சாலை செங்குத்தாக இறங்கியது. பிரேக்கை மிதித்தான். குரல் வரவில்லை. மறுபடி மிதித்தான். பிரேக் பிடிக்காத டிரெய்லர் பின்னாலிருந்து பிக்கப்பைத் தள்ளத் தொடங்கியது.

"பெரியவரே," என்றான் லோர்ன், "இருக்கீங்களா?"