கைப்பிடிச் சுவர்

கைப்பேசித் திரையில் அம்புக்குறியை அழுத்தியதும் கோட்டையின் முதல் படி அவள் முன்னால் வந்து நின்றது.

இத்தனை மாதமும் இந்த வாசலோடு திரும்பிவிடுவாள். நாட்டிலுள்ள அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் கட்டிலில் உட்கார்ந்தபடியே இணையத்தில் சுற்றிப் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி கற்றுக்கொடுத்த வித்தை. இந்தக் கோட்டைக்குள் மட்டும் விரல் போகாது.

மகள் விழுந்து செத்த இடம் இது.

புருஷனோடு சுற்றிப் பார்க்கப் போனவள். உச்சியில் நின்று படம் எடுக்கும்போது கால் வழுக்கிவிட்டது என்றார் மாப்பிள்ளை. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார். எல்லோரும் விதி என்றார்கள். விதி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் கேட்பதில்லை. மாப்பிள்ளை தங்கம் என்று உரசிப் பார்க்காமலே ஊர் சொன்னது. அவளும் சேர்ந்து சொன்னாள்.

இன்று அந்தத் தங்கம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேத்தியைத் தன்னோடு அழைத்துப்போக வந்திருக்கிறார். பெற்றவன் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாயிற்று. இனி இந்த வீட்டில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை.

அதனால்தான் இன்று துணிந்தாள். மகள் கடைசியாகப் பார்த்ததைத் தானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

படி, திருப்பம், மறுபடி படி. அம்புக்குறி விடாமல் மேலே இழுத்துக்கொண்டு போனது. இருட்டு முடிந்து வெளிச்சம் வந்தது. ‘இங்கிருந்து நகரம் முழுவதையும் கண்டு மகிழலாம்’ என்று எழுதியிருந்தது.

கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

முகம் மங்கலாக்கப்பட்ட ஓர் ஆள், நல்ல உயரமானவன், சுவரின்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சுவர் அவன் மார்பளவு இருந்தது.

வேறு பக்கமாக இருக்கும் என்று படத்தைத் திருப்பினாள். நாலு பக்கமும் அதே சுவர். புதிதாகக் கட்டினார்களோ என்றால், கல்லெல்லாம் பாசி காய்ந்து கறுத்திருந்தது.

மகள் குள்ளம். அலமாரியின் மேல்தட்டில் ஒரு டம்ளர் எடுக்கவே முக்காலி வேண்டும். அந்தச் சுவருக்கு மேலே அவள் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். கால் வழுக்கினால் உள்பக்கம்தான் விழுந்திருப்பாள்.

கைப்பேசியும் கையுமாக எழுந்து கூடத்துக்கு வந்தாள். அங்கே யாரும் இல்லை.

பால்கனியில் நின்றிருந்தான். குழந்தையை இடுப்பைப் பிடித்துக் கம்பிக்கு மேலாகத் தூக்கி, மூன்று மாடிக்குக் கீழே இருந்த தெருவைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“நல்லாத் தெரியுதா செல்லம்?”

குழந்தை காலை ஆட்டிச் சிரித்தது.

கத்தக் கூடாது. கத்தினால் கை நழுவும், அல்லது நழுவியது என்பான். எப்போதும் பேசும் குரலில் பேசினாள்.

“பாப்பாவை இறக்கி விடுங்க மாப்பிள்ளை. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

அவன் திரும்பினான். அவள் கையிலிருந்த கைப்பேசியில் கோட்டையின் உச்சி இன்னும் வெளிச்சமாக இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றான். குழந்தையை இறக்கவில்லை.