சாக்கில் கட்டிய கால்

அறையில் இருந்தவர்கள்: உதவித்தொகைப் பிரிவு அலுவலர். பனியன் கம்பெனி மேலாளர். அவன் மனைவியின் அண்ணன் சென்னியப்பன். நாற்காலியில் அவன்.

அவனுடைய செயற்கைக் கால் கீழே, சென்னியப்பனின் வண்டியில், சாக்கில் கட்டிக் கிடந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகம் மாடியில். சென்னியப்பன்தான் அவனை முதுகில் சுமந்து ஏறினான்.

ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகை ஆய்வுக்கு அப்படித்தான். வண்டியிலேயே காலைக் கழற்றிவிட வேண்டும். மடித்துக் குத்திய பேண்டைக் காட்ட வேண்டும். நடக்க முடியுமா என்றால், முடியாதுங்க. நிற்க முடியுமா என்றால், முடியாதுங்க. பணம் வந்துகொண்டிருக்கும். ஏடிஎம் கார்டு சென்னியப்பனின் சட்டைப்பையில் இருக்கும்.

இன்று ஆய்வு இல்லை.

ஆனாலும் வண்டியில் சென்னியப்பன் கையை நீட்டியதும், பழக்கத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

வேலைக்குப் போனாலும் முதல் ஓராண்டுக்கு உதவித்தொகை நிற்காது என்றார் அலுவலர். சென்னியப்பன் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

துணி வெட்டும் மேசைக்கு ஆள் தேவை. விபத்துக்கு முன்பு அவன் செய்த வேலை. அந்த வேலை வேண்டுமென்று கேட்டதும் அவன்தான்.

மேலாளர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"பூரா நேரமும் நின்னுக்கிட்டே செய்யறதுங்க. நிக்க முடியுமா?"

"முடியாதுங்க."

வாய் தானாகச் சொன்னது.

சென்னியப்பன் மெல்லத் தலையாட்டினான்.

மேலாளர் பேனாவை மூடினார். அலுவலரைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை.

"அப்பறம் எதுக்குங்க என்னை இவ்வளவு தூரம் வர வெச்சீங்க?"

அவன் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தான். ஒற்றைக் காலில் நின்றான்.

"மச்சான், காலை எடுத்துட்டு வாங்க."

"எந்தக் காலு மாப்ள?"

"சாக்குல கட்டி வெச்சிருக்கீங்களே. அந்தக் காலு."

அலுவலர் நிமிர்ந்தார். போன ஆய்வில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"உனக்குக் கால் இருக்கா?"

"நீங்க குடுத்ததுதாங்க."

அலுவலர் அவனுடைய கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சென்னியப்பன் அவன் காதருகே குனிந்தான். பாக்கு நெடி.

"வாங்கறதும் போயிரும். உம்பட பொண்டாட்டி எங்கூட்டுக்குத்தான் வந்து நிப்பா. நெனப்பு வெச்சுக்க."

"எடுத்துட்டு வாங்க."

சென்னியப்பன் போனான். வர நேரமாக்கினான். வந்ததும் சாக்கை வாசலிலேயே தொப்பென்று போட்டான்.

சாக்கின் வாய் அவிழ்ந்தது. ஷூ தெரிந்தது. காலையில் அவன் பாலிஷ் போட்டு வைத்திருந்த ஷூ.

அவன் சுவரைப் பிடித்துக் குதித்துக் குதித்து வாசலுக்குப் போனான். சாக்கை உள்ளே இழுத்தான். சென்னியப்பனும் உள்ளே வரப் பார்த்தான்.

"பேண்டைக் கழட்டணும். வெளிய நில்லு."

"நான் பாக்காததா?"

"வெளிய நில்லு."

சென்னியப்பன் அவனையே பார்த்தான். பிறகு படிகளைப் பார்த்தான்.

"எறங்கறப்ப யாரு தூக்குவா?"

அவன் கதவைச் சாத்தினான்.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மறு கையால் அதை முழுக்கத் தள்ளினான்.