வெள்ளை டாங்கி

நீலாம்பாள் டாங்கிக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். விரல் நீளப் பொம்மை ராணுவ டாங்கி. சென்னைக் கடைக்காரர் வழியாக வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும்போது இவளுக்குப் பொம்மை கேட்கிறதா என்று அவள் புருஷன் செல்லதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போலீஸோடு வந்திறங்கியவர் எரிவாயுக் கம்பெனி அதிகாரி குஞ்சிதபாதம். தெருப்பக்கச் சுவரில் செல்லதுரை சிவப்பு எனாமலில் எழுதியிருந்த 'எங்கள் வயலில் குழாய் இறங்காது' அவர் கண்ணை உறுத்தியது.

"நாளைக்கு எதிர்லதான் மந்திரி பேசுறாரு. டி.வி.க்காரங்க வர்றாங்க. அழிச்சிடுங்க, இல்லேன்னா கேஸ்தான்."

"எங்கப்பா கொடி புடிச்சு, அடி வாங்கிச் சேத்த நிலம் சார். அழிக்க முடியாது, போடுங்க கேஸை!" என்று எகிறினான் செல்லதுரை.

"நானே வெள்ளையடிச்சிடறேங்க" என்றாள் நீலாம்பாள், பிரஷ்ஷைக் கீழே வைக்காமல்.

சுவரோடு நிலமும் கையை விட்டுப் போனதாகவே செல்லதுரை நினைத்தான்.

வந்த வேலை சுலபமாக முடிந்த குஷியில் அதிகாரி டாங்கியைக் கையில் எடுத்தார். "பச்சை வண்டிக்கு எதுக்கும்மா வெள்ளை? சமாதானமா?"

"பனியில மறைஞ்சு நிக்கறதுக்குங்க. பனி உருகினா கழுவி விட்டுடுவாங்க."

"பலே!" என்று சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

சாயங்காலம் அவளே சுண்ணாம்பைக் கரைத்து அடித்தாள். செல்லதுரை ஒத்தாசைக்குப் போகவில்லை. கட்டினவளே காலை வாரிவிட்டாளே என்று அவனுக்குச் சோறும் இறங்கவில்லை.

மறுநாள் மந்திரி மைக்கைப் பிடித்தார். "இந்த ஊர் மக்கள் மனமுவந்து நிலம் கொடுத்திருக்கிறார்கள்..."

எதிரே தண்ணீர் பீறிடும் சத்தம். நீலாம்பாள் பம்புசெட் ஓஸைப் பிடித்துத் தன் வீட்டுச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். பசை சேர்க்காத சுண்ணாம்பு பால் மாதிரி வழிய, சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கேமராக்கள் மேடையை விட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பின.

செல்லதுரை ஒரு கணம்தான் திகைத்தான். ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்று, தானும் ஓஸைப் பிடித்துக்கொண்டான்.

குஞ்சிதபாதம் பேன்ட் நனைய ஓடிவந்தார். "என்னம்மா பண்றே?"

நீலாம்பாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பனி உருகிடுச்சுங்க."