கனகசபை வீட்டுக் கர்ப்பம்

மனைவியை இழந்து தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் கனகசபையின் வீட்டில் கர்ப்பம் இருப்பதாகக் கழிவறைக் கருவி காட்டியபோது, ஏட்டம்மா தமயந்திக்குப் பொறி தட்டியது. கருக்கலைப்பைத் தடுக்க வீட்டுக்கு வீடு அரசு பொருத்திய கருவி அது. சிறுநீரை வைத்துக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும். பிள்ளை பிறக்குமுன் சிறுநீரில் கர்ப்ப அடையாளம் மறைந்தால் போலீஸ் வாசலில் நிற்கும். இந்தக் குடியிருப்பில் மட்டும் ஒரு வீட்டிலும் மறையவே இல்லை.

“என்ன சார் இது?”

“எல்லாரும் ஊத்துறாங்கன்னு நானும் ஒரு ஒத்தாசைக்கு ஊத்துனேன்மா” என்று உளறிய பெரியவரின் கண் மாடிப்பக்கம் போனது.

மாடியில், நிறைமாத ரெஜினாவின் கதவுக்குப் பின்னால் மஞ்சள் பாட்டில்கள் அணிவகுத்து நின்றன.

“உன் மூத்திரத்தை யார் யாருக்குடி குடுக்குறே?”

ரெஜினா ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். “இது உங்க வீட்டுக்கு, மேடம். உங்க மருமக இன்னிக்கு வாங்க வரலை. நேத்தே உடம்பு நெருப்பா கொதிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போனா பிடிச்சுக் குடுத்துருவாங்கன்னு அழுதா.”

பேரப்பிள்ளை வரப்போகிறதென்று ஸ்டேஷன் முழுக்க லட்டு கொடுத்தவள் தமயந்தி. படிக்கட்டில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பாட்டிலைக் கைப்பைக்குள் திணித்தாள்.

“ஒரு தடவைக்கு எவ்வளவு ஊத்தணும்? மெதுவா சொல்லு.”