அப்பா எழுதாத சொல்

“கையெழுத்து மாமாவோடதுதானே? அப்புறம் என்ன சந்தேகம்?” என்றான் கணவன்.

“கை அவரோடது. வார்த்தை அவரோடது இல்லை.”

அவள் அப்பாவின் ஆங்கிலக் கடிதத்தை மேசையில் விரித்து மூன்று இடங்களில் விரல் வைத்தாள். காலை நடை ஆறு மணிக்குக் ‘கமென்ஸ்’ ஆகிறது. மழை ‘கமென்ஸ்’ ஆகிவிட்டது. பழைய புத்தகம் ஒன்றைப் படிக்கக் ‘கமென்ஸ்’ செய்திருக்கிறார்.

“ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். இதுல என்ன தப்பு?”

“கோர்ட்டுல விசாரணை கமென்ஸ் ஆகலாம். டெண்டர் எடுத்த வேலை கமென்ஸ் ஆகலாம். மழை ஸ்டார்ட்தான் ஆகும். முப்பத்தாறு வருஷம் இங்கிலீஷ் பேப்பர்ல புரூஃப் பார்த்தவர். இந்த வார்த்தையைக் கண்டாலே சிவப்புப் பேனாவை எடுத்துடுவார். சினிமா கமென்ஸ் ஆச்சுன்னு எழுதின நிருபரோட ரெண்டு மாசம் பேசவே இல்லை.”

“வயசாயிடுச்சு.”

“மத்த இடத்துல ஒரு கமா கூடப் பிசகலை. யாரோ பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல எழுதியிருக்கார்.”

“யாரோன்னா?”

அப்பா இருப்பது தம்பியோடு. காது கேட்காததால் தொலைபேசி கிடையாது. மாதம் ஒரு கடிதம்தான். அதைத் தபாலில் சேர்ப்பவனும் தம்பிதான். அந்த வீடு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது.

“ஒரு வார்த்தையை வச்சு உன் தம்பியைத் திருடனாக்காதே.”

“போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

அப்பா வீட்டுக் கதவு திறக்க நேரமாயிற்று. திறந்த பிறகும் தம்பி சங்கிலியை எடுக்கவில்லை.

“என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே?”

“சொல்லிட்டு வந்தா நீ தயாரா இருப்பே. எடுடா சங்கிலியை.”

கூடத்தில் திரைகள் இழுத்து மூடியிருந்தன. சாப்பாட்டு மேசையில் மாத்திரை அட்டைகள். அவள் பார்ப்பதைக் கண்டு அவன் ஒரு துண்டை எடுத்து அவற்றின் மேல் போட்டான்.

“யாருக்கு இத்தனை மாத்திரை?”

“வயசானவர் இருக்கற வீடு. இருக்காதா?”

“அப்பாவுக்கு என்னடா கொடுக்கறே?”

“மூணு வேளை சாப்பாடு. நம்பலைன்னா அவரையே கேளு.”

“கேக்கத்தான் வந்திருக்கேன். அவர் எனக்கு எழுதற லெட்டரை நீ படிப்பியா?”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். “படிப்பேன்.”

“கூச்சமா இல்லை?”

“தப்பு இருந்தா திருத்தலாம்னுதான்.” சிரிக்கப் பார்த்தான்.

“இங்கிலீஷ்ல மூணு தடவை பெயிலானவன் திருத்தறியா? சரி, வீட்டுப் பத்திரம் எங்கே?”

“பீரோவுல இருக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போ. கத்தாம இரு, அது போதும்.”

இவ்வளவு சுலபமாகச் சொன்னது அவள் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

உள்ளறையில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மழித்த முகம். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவள் அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கடிதத்தை நீட்டி, அந்த மூன்று இடங்களையும் காட்டினாள்.

“அவன் எழுதச் சொன்னானா?” உதடு பிரித்து மெதுவாகக் கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். ஒருமுறை கதவைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக் கடிதத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் தமிழில் எழுதினார்:

‘நானாகத்தான் எழுதினேன். நேராக எழுதினால் அவன் தபாலில் சேர்க்க மாட்டான். இப்படி எழுதினால் அவனுக்குப் புரியாது, நீ சந்தேகப்பட்டு வருவாய். வாயைத் திறக்கக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஆபரேஷன், வயிற்றில் கட்டி. டாக்டர் சொல்வது ஒன்றும் என் காதில் விழவில்லை. நீ அவனோடு இரு.’